மஞ்சள் சட்டைக்குப் பின்னால்

முட்டை வந்திருக்கிறது என்ற செய்தி ஹவானாவில் முட்டைக்கு முன்னால் வந்துவிடும். எவாரிஸ்தோவுக்கு அது பாதிச் சவரத்தில் வந்து சேர்ந்தது. ஒரு கன்னத்தில் நுரை, ஒரு கன்னத்தில் வெயில். கீழ்வீட்டுக்காரி படிக்கட்டில் நின்று கத்தினாள், அவ்வளவுதான். ஆனால் இதை அவர் இன்னொருத்தரிடம் சொல்லும்போது கோழியே மாடியேறி வந்து கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனது என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்வதில்லை. நடந்ததைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுப்பார். கசங்கலோடு கொடுத்தால் யார் வாங்குவார்கள்? மீதிக் கன்னத்தை அவசரமாக வழித்து, ரேஷன் அட்டையைச் சட்டைப்பையில் சொருகி, கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கி, கடற்சுவரிலிருந்து வந்த உப்புக்காற்று வழித்த கன்னத்தில் மட்டும் எரிய, கடைமுன் நின்ற கூட்டத்தைப் பார்த்து அந்த ஊர் வழக்கப்படி கேட்டார்: "கடைசி யாரு?" இந்த ஊரில் வரிசை என்பது வரிசையாக நிற்பது இல்லை. வருகிறவர் கடைசி யாரென்று கேட்பார், கடைசி ஆள் விரலைத் தூக்குவார், அந்த முகத்தை மனதில் வைத்துக்கொண்டு நிழலுக்கோ வம்புக்கோ எங்கே வேண்டுமானாலும் போகலாம்; அந்த முகம் உள்ளே போனால் அடுத்தது நீங்கள். விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டு வைப்பார்கள், "உங்களுக்கு முன்னாடி யாரு?" என்று, கடைசி ஆள் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டால் அவருக்கு முந்தியவரைப் பிடித்துக்கொள்ளலாம் இல்லையா. எவாரிஸ்தோ அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்கவில்லை. ஏனென்றால் விரலைத் தூக்கியவர் திரும்பிப் பார்க்காமல் தூக்கினார்; வெளுத்த மஞ்சள் சட்டை, காலர் நைந்தது, பிடரியில் இடப்பக்கம் காப்பிக்கொட்டை அளவில் ஒரு மச்சம். அந்தப் பிடரியை எவாரிஸ்தோ நூறு மேடைகளில் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார். அந்தப் பிடரி போன பனிக்காலத்தில் நியூஜெர்சியில் மண்ணுக்குள் போய்விட்டதாக அதன் மகள் போனில் சொன்னாள். "நான் உங்களுக்குப் பின்னால்," என்றார் எவாரிஸ்தோ, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, தொண்டை வறண்டு, எதிர்ச்சாரித் தூணின் நிழலுக்குப் போய்விட்டார். போனவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை. திரும்பிப் பார்க்காததும் ஒரு தப்புதான்.

தொண்டைக்காகத்தான் முட்டையே. பாடுவதற்கு முன்னால் பச்சை முட்டையை உடைத்து அப்படியே விழுங்கினால் குரலுக்கு எண்ணெய் போட்டது மாதிரி என்று அவருக்குச் சொல்லித்தந்தவன் சிரிலோ, இந்தப் பிடரிக்குச் சொந்தக்காரன். சாயங்காலம் நாடக அரங்கில் எவாரிஸ்தோவுக்குப் பதக்கம் குத்துகிறார்கள். பதக்கத்துக்குத் தொண்டை வேண்டாம், சட்டை போதும்; ஆனால் பாட்டும் பாடச் சொல்லியிருக்கிறார்கள், கதவுப் பாட்டு, வேறென்ன, முழு நாட்டுக்கும் அவரிடமிருந்து தெரிந்தது அது ஒன்றுதான். கதவைச் சாத்தாதே, கண்ணே, இன்னும் ஒருத்தர் வரணும், சுண்ணாம்பு இன்னும் காயலை, சுவருக்குப் பேசப் பழக்கணும். தாடிக்காரப் புரட்சிக்காரர்கள் மலையிலிருந்து இறங்கி வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, தொழிலாளிகள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்ட நாட்களில், ஒரு சாரத்தின் அடியில் சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு பேருமாகச் செய்தது. நீளமுடி வைத்துக்கொண்டு கிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் காலத்தில் முதலில் அதிகாரிகள் அவர்களைச் சந்தேகப்பட்டார்கள், ஒரு வருஷம் வானொலிப் பக்கம் விடவில்லை, அப்புறம் திடீரென்று நீங்கள்தான் புரட்சியின் குரல் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் இவர்கள் மாறவில்லை, முடிகூட வெட்டவில்லை. அங்கே இரட்டையர் பாட்டு என்றால் முதற்குரல் ஒருத்தர், இரண்டாம் குரல் ஒருத்தர். மெட்டு முதற்குரலுடையது. இரண்டாம் குரல் அதற்குக் கீழே, கொஞ்சம் பின்னால், விழுந்தால் பிடித்துக்கொள்ளப் போவதுபோல் கையை ஏந்திக்கொண்டே போவது. சிரிலோ முதற்குரல். எவாரிஸ்தோ இரண்டாம் குரல். சிரிலோ ஒரு சுரத்தைப் பிடித்தால் கடற்சுவரில் அலை பாதி எழும்பியபடி நிற்கும், முடித்த பிறகுதான் விழும் என்று எவாரிஸ்தோ சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லி ரம் வாங்கிக் குடித்திருக்கிறார். சொல்லிச் சொல்லி இப்போது அவருக்கே அந்த நின்ற அலை ஞாபகத்தில் இருக்கிறது, அதன் அடியில் ஓடிய மீன்கூடத் தெரிகிறது.

அப்புறம் அந்தப் படகு வருஷம், எண்பது. போகிறவர்கள் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள், வடக்கேயிருந்து படகுகள் வந்தன, சிரிலோ போனான். போனவன் பேரை வானொலியில் சொல்லக் கூடாது, அது எழுதாத சட்டம், எழுத வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் பாட்டை என்ன செய்வது? பள்ளிக்கூடங்களில் காலைக் கொடியேற்றத்துக்கு அதைத்தான் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் காலை, இதேபோல் சவரம் செய்துகொண்டிருந்தபோது, வானொலியில் கதவுப் பாட்டு வந்தது. அவர் சிரித்துக்கொண்டார், அட, விட்டுவிட்டார்களே என்று. கிதார் ஆரம்பித்தது. பிறகு அவருடைய குரல் வந்தது. அவருடையது மட்டும். ஒலிப்பதிவில் இரண்டு பேருக்கும் தனித்தனி மைக், தனித்தனித் தடம். ஒரு தடத்தை மூடிவிட்டார்கள், ஒருவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை அறையிலிருந்து வெளியே எடுத்து வைப்பதுபோல. கேட்டவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, பாட்டு இருந்தது, கொஞ்சம் சோகமாக, கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். கத்தி கன்னத்தில் பட்டு ரத்தம் சோப்பில் ஓடியது. அன்றைக்குப் பிறகு பிறந்த குழந்தைகள் எல்லாரும் அதைத்தான் மெட்டு என்று கற்றுக்கொண்டார்கள். ஒரு தேசமே நாற்பது வருஷமாக இரண்டாம் குரலைப் பாடிக்கொண்டிருக்கிறது. யாரோ விழப்போகிறார்கள் என்று கையை ஏந்தியபடி லட்சக்கணக்கான பேர், மேலே ஒருத்தரும் இல்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று இல்லை, எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். "ஆமா தாத்தா, அந்த அலை நின்ன மாதிரிதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த கோப்பைக்குப் போய்விடுவார்கள். கஞ்சி போட்டுக் கொடுத்தே பழக்கிவிட்டால் கசங்கலான நிஜத்தை யார் கையில் வாங்குவார்கள்.

ஆகவே சாயங்காலம் பாடிக் காட்ட வேண்டும். முதற்குரலை. பேரைச் சொல்லப்போவதில்லை, பேச்சு எதுவும் இல்லை, மெட்டை மட்டும் அது இருந்தபடியே பாடிவிட்டு இறங்கிவிட வேண்டும், அவருக்குப் பிறகு அது எந்தத் தொண்டையிலும் இல்லை. இதில் பயம் என்ன என்றால், பழைய பயம் இல்லை, அது வேறு மாதிரி, அது முதுகுத்தண்டில் தனியாக ஒரு குடித்தனம் வைத்திருக்கிறது, யாராவது ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தால் தானே எழுந்து நிற்கும். நேற்று வந்த பண்பாட்டு அலுவலகப் பையன் யோவானியைப் பார்த்தும் எழுந்து நின்றது. "மாஸ்ட்ரோ, சின்னதா ஒரு பாட்டு, நாலு நிமிஷத்துக்குள்ள. கரண்ட் எப்பப் போகும்னு சொல்ல முடியாது." "என்ன பாடணும்னு முன்கூட்டியே பார்க்க வேண்டாமா? யாராவது கேட்டுட்டு அனுமதி…" "ஐயோ, கதவுப் பாட்டு தானே மாஸ்ட்ரோ? எனக்கே தெரியுமே." "அதை இரண்டு பேர் பாடினோம், தெரியுமா தம்பி?" பையன் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்படியா, இன்னொருத்தர் யாரு, நீங்க சொல்லுங்க, அழைப்பிதழ் அனுப்பிடலாம்." தடை விதித்தவர்கள் இருந்தவரை சிரிலோ இருந்தான், தடை செய்யப்பட்டவனாக, ஒரு பூட்டிய அறையில் இருப்பதுபோல. இப்போது அறையும் இல்லை பூட்டும் இல்லை. அழைப்பிதழ் அனுப்பிடலாமாம். முதுகுத்தண்டுக் குடித்தனக்காரர் வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டார்.

இந்தப் புதுப் பயம் வேறு. மூன்றாவது வரி. முதல் இரண்டு வரியும் சிரிலோவின் மெட்டில் வருகிறது, நாலாவதும் வருகிறது, மூன்றாவதில், சுண்ணாம்பு இன்னும் காயலை என்கிற இடத்தில், நினைவு படியில்லாத இடத்தில் கால் வைக்கிறது. மேலே போகிறதா? தூணில் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு, மூக்குக்குள் மேலே போய்ப் பார்த்தார். இல்லை, அது யாரோ கல்யாண வீட்டில் பாடுவதுபோல் இருக்கிறது. கீழே? கீழே போனால் இரண்டாம் குரல்மேல் முட்டிக்கொள்கிறது, நாற்பது வருஷமாகத் தானே பாடிப் பாடிக் கெட்டிப்படுத்திய தன்னுடைய வரி, சுவர்போல அங்கே நிற்கிறது. ஒரு மாதமாக இதேதான், தூங்கி எழுந்ததும், பல் துலக்கும்போதும். உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வெயிலில் தெரு காய்ந்த மீன் வாசனை அடித்தது, யாரோ பழைய செவ்ரோலேயைத் தள்ளி ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள், அது இருமியது, சுண்ணாம்பு இன்னும், மறுபடி இருமியது. கடைக்குள்ளிருந்து முதல் முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள், குழந்தையை ஏந்துவதுபோல. எல்லாக் கண்களும் தட்டின்மேல். எவாரிஸ்தோ கண்ணை எடுத்துக்கொண்டார். முட்டைத் தட்டை அவரால் நிம்மதியாகப் பார்க்க முடியாது, ஏனென்றால் அந்த எண்பதில், போகிறவர்கள் வீட்டு வாசலில், எல்லாரும் கூடி, துரோகி என்று கத்தி முட்டை எறிந்தார்கள். இன்றைக்கு ஒரு முட்டைக்கு இந்தப் பாடு. அன்றைக்குத் தட்டுத் தட்டாக வந்திறங்கியது. தெருக் கமிட்டிக்காரி கொன்சுவேலோ, நல்ல பொம்பளை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பவள், சிரிலோ வீட்டு முன்னால் நின்று, "ஆளுக்கு ரெண்டு எடுத்துக்குங்க, தள்ளாதீங்க, எல்லாருக்கும் இருக்கு," என்று பந்தி விசாரிப்பதுபோல விசாரித்துக்கொண்டிருந்தாள். அவர் கையிலும் வைத்தாள். பாட்டில் சாத்தாதே என்று சொன்ன கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சிரிலோவும் பெண்டாட்டியும் மகளும். போகட்டும் போகட்டும் என்று கூட்டம். கதவில் மஞ்சள் வழிந்து இறங்கியது. அவர் விளக்குக் கம்பத்தடியில், கையில் முட்டை, அது இன்னும் குளிர்ச்சியாக இருந்தது, அப்புறம் கைச்சூட்டில் சூடாகியது, அப்புறம்? அப்புறம் அவர் எறிந்தார், அது கூரையைத் தாண்டி, கடலைத் தாண்டி, மயாமியில் போய் விழுந்து பொரிந்து சேவலாகி இன்றும் ஸ்பானிஷில் கூவுகிறது. இது ரம்முக்குச் சொன்னது. அப்புறம் அவர் பச்சையாகக் குடித்துவிட்டார். இது பெண்களுக்குச் சொன்னது. அப்புறம் அது சட்டைப்பையில் உடைந்து தொடைவரை வழிந்தது. இது குடிக்காதபோது சொன்னது. அப்புறம் எல்லாரும் போனபிறகு அவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அந்தக் கதவைக் கழுவினார். இது ஒருத்தருக்கும் சொல்லாமல் தனக்கு மட்டும் சொல்லிக்கொள்வது, அதனாலேயே இதை அவர் சிறிதும் நம்புவதில்லை. தனக்கு நல்ல பேர் வாங்கித் தருகிற கதை எங்கே தைக்கப்பட்டது என்று ஒரு கதைக்காரனுக்குத் தெரியாதா? கழுவியிருந்தால் கை ஞாபகம் வைத்திருக்கும். கையைப் பார்த்தார். கை ஒன்றும் சொல்லவில்லை, நரம்பைக் காட்டியது.

"கடைசியா மிச்சம் இருக்கறது ஒரு தட்டு தான், யாரு யாருக்குப் பின்னாடின்னு சொல்லிக்கிட்டு கிட்ட வாங்க!" என்று கடைக்காரன் குரல் கொடுத்தான். தெருவில் சிதறிக் கிடந்த வரிசை எழுந்து தன்னைத்தானே கோத்துக்கொண்டது. தலையில் சுருள்ரோலர் மாட்டிய நீல்தா, எதிர்வீட்டுக்காரி, பள்ளி ஆசிரியையாக இருந்தவள், ராணுவத் தொப்பிக்காரருக்குப் பின்னால் நின்றாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்த கர்ப்பிணிப் பெண், "நான் தாத்தாவுக்குப் பின்னால்," என்றாள். "தாத்தா யாருக்குப் பின்னால்?" என்றாள் நீல்தா. "மஞ்சள் சட்டைக்குப் பின்னால்." "எந்த மஞ்சள் சட்டை?" கூட்டம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டது; சிவப்பு இருந்தது, பூப்போட்டது இருந்தது, சட்டையே இல்லாத ஒருவர் இருந்தார். "எனக்குப் பின்னாடி கடைசி கேட்டு யாரும் வரலையே. நான் யாருக்கும் விரலைத் தூக்கலை," என்றாள் நீல்தா. "அவர் தூக்கினார் எனக்கு." "எவர்?" "ஆரம்பிச்சுட்டாரு," என்றார் தொப்பிக்காரர், "மாஸ்ட்ரோ, அந்த ஆளு அலையை நிறுத்தினவரா, இல்ல மயாமிக்குப் பறந்தவரா?" எல்லாரும் சிரித்தார்கள். கர்ப்பிணி சிரிக்கவில்லை, அவளுடைய இடம் கிழவரின் இடத்தில் தொங்கியது, கிழவருடையது காற்றில். "முன்னாடி யாருன்னு கேட்டு வச்சிருக்கணும் தாத்தா," என்றாள் அழுகிற குரலில், "அதைக் கேட்காம யாராவது போவாங்களா?" நீல்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பழைய வகுப்பறைத் தோரணைக்கு வந்துவிட்டாள். "சரி, ஒரு ஆளு இருந்தாருன்னே வச்சுக்குவோம். என்ன செஞ்சுக்கிட்டிருந்தாரு? அதையாவது சொல்லுங்க." அவர் வாயைத் திறந்தார், இஸ்திரிப் பெட்டியைத் தேடினார், சூடாக்க நேரம் இல்லை. "பாடிக்கிட்டிருந்தார்," என்றார். "வாய்க்குள்ள. கதவுப் பாட்டு." "எங்கே, எப்படிப் பாடினாரு?" என்றார் தொப்பிக்காரர், இன்னொரு சிரிப்புக்குத் தயாராக.

எப்படிப் பாடினார். எவாரிஸ்தோ கண்ணை மூடினார், பிடரியைப் பார்த்தார், காலர் நைந்த அந்தச் சட்டையை, காப்பிக்கொட்டை மச்சத்தை. பிடரிக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு வாய் தெரியாது, ஆனால் மூச்சு எடுத்தால் தோள் உயரும், மேலே போகப்போகிறான் என்றால் கழுத்து நீளும், இறங்கப்போகிறான் என்றால் குனியும். முதல் வரி. கதவைச் சாத்தாதே, கண்ணே. வந்தது. தொண்டை கரகரத்தது, முட்டை உள்ளே போகாத தொண்டை. இரண்டாவது வரி, இன்னும் ஒருத்தர் வரணும். யாரோ கூடச் சேர்ந்துகொண்டார்கள், முதலில் நீல்தா, அவளால் சும்மா இருக்க முடியாது, எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். அப்புறம் கர்ப்பிணி, அப்புறம் கடைக்காரன் உள்ளேயிருந்து, அப்புறம் கேலிக்குச் சேர்ந்து கேலியை மறந்துவிட்ட தொப்பிக்காரர், பள்ளிக்கூடத்தில் நின்றதுபோலவே, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. எல்லாரும் கீழே, கொஞ்சம் பின்னால். அவருக்குப் பிடரி சிலிர்த்தது. வாழ்நாளெல்லாம் ஒருத்தருக்குப் பின்னால் நின்றவருக்கு இப்போது பின்னால் தெருவே நின்றது. மூன்றாவது வரி வந்துகொண்டிருந்தது, படி இல்லாத இடம், காலைத் தூக்கிவிட்டார், எங்கே வைப்பது, மேலேயா கீழேயா, அந்த மஞ்சள் சட்டையின் தோள் மூச்சு எடுத்தது, கழுத்து நீளவில்லை, குனியவும் இல்லை. அசையவே இல்லை. சுண்ணாம்பு இன்னும் காயலை. ஒரே சுரம். அடப்பாவி, ஒரே சுரம்தானே. இரண்டாவது வரி முடிந்த இடத்திலேயே அவன் அப்படியே நின்றுகொண்டான், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்போல. இறங்கியது இரண்டாம் குரல்தான், இரண்டாம் குரல் அடியில் படிப்படியாக இறங்கி, நகராமல் நின்ற அந்தச் சுரத்தை நகர்வதுபோல் காட்டியது. மேலேயும் கீழேயும் ஒரு மாதமாகத் தேடியது, நின்ற இடத்தில் இருந்தது. அவர் நின்றார். தெரு இறங்கியது. கடற்சுவர்ப் பக்கம் ஒரு அலை எழும்பும் சத்தம் கேட்டது, விழும் சத்தம் கேட்கவில்லை; இதை அவர் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பாட்டு முடிந்து எல்லாரும் கொஞ்சம் வெட்கத்தோடு சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள். நீல்தாதான் முதலில் பேசினாள், குரலைத் தாழ்த்தி, பெரிய மனுஷர் மனசு நோகக் கூடாதென்று. "மாஸ்ட்ரோ, தப்பா நினைக்காதீங்க. மூணாவது வரியில அப்படியே நின்னுட்டீங்க. அது இறங்கணும். சாயங்காலம் அத்தனை பேர் முன்னாடி பாடணுமில்ல, அதுக்குத்தான் சொல்றேன். முதல் வரியும் கொஞ்சம் மேலே எடுத்துட்டீங்க." "வயசாயிடுச்சுல்ல," என்றார் தொப்பிக்காரர், கேலியில்லாமல், அதுதான் இன்னும் கொடுமை. "இது அவரோட பாட்டு தானே, அவருக்குத் தெரியாதா?" என்றாள் கர்ப்பிணி. "மறக்கும்மா, யாருக்கும் மறக்கும்," என்றாள் நீல்தா. எவாரிஸ்தோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சொல்லலாம். இப்போது, இந்தப் பகலில், கஞ்சியில்லாமல், அப்படியே. நாக்கின் நுனிவரை சிரிலோ வந்துவிட்டான். பிறகு அவர் முகத்தில் அந்தப் பழைய களவாணிச் சிரிப்பு மெல்ல ஏறியது, பாதி வழித்த கன்னத்திலும் வழிக்காத பாதியிலும், அவசரத்தில் அவர் மீதிக் கன்னத்தைச் சரியாகவே வழிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "நீங்க சொல்றது சரிம்மா," என்றார். "எனக்கு ஞாபகம் தப்பிப்போச்சு. இன்னொரு தடவை எல்லாருமாப் பாடிக்காட்டுங்க. நான் கேட்டுக் கத்துக்கறேன்." அவர்கள் பாடினார்கள். பாவம், இந்தத் தடவை மெதுவாக, தெளிவாக, அவருக்காகவே மூன்றாவது வரியில் கையால் இறக்கிக் காட்டிக்கொண்டு. அவர் மேலே ஏறி அந்தச் சுரத்தில் நின்றுகொண்டார். "ஐயோ, மறுபடியும்!" என்று நீல்தா பாட்டின் நடுவிலேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள், ஆனால் நிறுத்தவில்லை. சாயங்காலமும் இப்படித்தான் ஆகும். அரங்கமே சேர்ந்துகொள்ளும், கிழவருக்கு ஸ்ருதி போய்விட்டது என்று யோவானி தலையைக் குனிந்துகொள்வான். குனிந்துகொள்ளட்டும். எல்லாரும் கூடப் பாடினால் போதும்.

வரிசை நகர்ந்தது. அவருடைய இடத்தைப்பற்றி யாரும் மறுபடி பேசவில்லை. தொப்பிக்காரர் வாங்கிக்கொண்டு போனார், நீல்தா வாங்கிக்கொண்டு, ரோலர்கள் ஆட, முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். அவள் முணுமுணுத்தது எது என்று அவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். பள்ளிக்கூடத்து வரிதான், ஆனால் மூன்றாவதில் ஒரு கணம் தயங்கினாள், இல்லை, தயங்கவில்லை, படியில் கால் தடுக்கியிருக்கும். கல்லாவுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. வெயில் அதில் சதுரமாக, மஞ்சளாக விழுந்திருந்தது. "அடுத்து!" என்றான் கடைக்காரன். எவாரிஸ்தோ நகரவில்லை. பின்னாலிருந்து கர்ப்பிணி அவர் முழங்கையை மெல்லத் தொட்டாள். "போங்க தாத்தா, உங்க முறைதான்."

"கொஞ்சம் பொறும்மா," என்றார் அவர். "எனக்கு முன்னாடி இன்னும் ஒருத்தர் இருக்கார்."